பழைய கடைத்தெரு, புதிய திட்டம்

விடிகாலை நான்கு மணி. திருவனந்தபுரம் நகரம் இன்னும் தூங்குகிறது. ஆனால் சாலைக் கடைத்தெரு விழித்துவிட்டது.

லாரிகள் வந்து நிற்கின்றன. சுமைத் தொழிலாளர்கள் மூட்டை இறக்குகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து காய்கறி வருகிறது. தோவாளையிலிருந்து பூ வருகிறது. வாழைக்குலை, தேங்காய், அரிசி, பருப்பு எல்லாம் வந்து இறங்குகின்றன. ஒரு பக்கம் தமிழ் கேட்கிறது. மறுபக்கம் மலையாளம் கேட்கிறது.

தெருவின் ஒரு முனையில் ஒரு கீரைக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளாக அவருக்கு அதே இடம்தான். அதற்கு முன் அவருடைய அம்மா அங்கே கீரை விற்றார்.

ஒரு நாள் மின்கம்பத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கீரைக்காரம்மா உற்றுப் பார்த்தார். அது மலையாளம். அவர் இப்போதுதான் தமிழ் எழுத்துகளைப் படித்து முடித்திருக்கிறார். எதிர்க்கடையில் மளிகைக்கடை அண்ணாச்சி இருந்தார்.

“அண்ணாச்சி, இதில என்ன எழுதியிருக்கு? கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க.”

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“தெருவைப் புதுப்பிக்கப் போறாங்களாம் அக்கா. ஓடை கட்டுவாங்களாம். நடைபாதை போடுவாங்களாம்.”

“நல்லதுதானே! அப்போ நான் எங்கே உட்காருவேன்?”

அண்ணாச்சி மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

“அது இதில எழுதலையே, அக்கா.”

இந்தக் கீரைக்காரம்மா கதையில் வருகிறவர். ஆனால் அவர் கேட்ட கேள்வி கதை அல்ல. பழைய நகரத்தைப் புதுப்பிக்கும் இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. தெரு புதிதாகும்போது, அந்தத் தெருவில் பிழைத்தவர்கள் என்ன ஆவார்கள்?

அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

தெரு பிறந்த கதை

தமிழில் சாலை என்றால் தெரு. ஆனால் திருவனந்தபுரத்தில் சாலை என்பது ஓர் இடத்தின் பெயர். மலையாளத்தில் அதைச் ‘சால’ என்பார்கள். கிழக்கே கோட்டையில் காந்தி பூங்காவுக்கு எதிரே இந்தத் தெரு தொடங்குகிறது. கிள்ளிப்பாலத்தில் முடிகிறது. அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் இருநூறு ஆண்டு வரலாற்றைக் கடந்துவிடுவோம்.

அப்போது இது திருவிதாங்கூர் நாடு. கார்த்திகைத் திருநாள் ராமவர்மா என்ற அரசர் ஆண்டார். அவரைத் தர்மராஜா என்று மக்கள் அழைத்தார்கள். அவருடைய திவான் ராஜா கேசவதாஸ். திவான் என்றால் தலைமை அமைச்சர். கேசவதாஸ் 1789இல் திவான் ஆனார். சிறு வயதில் அவர் ஒரு வணிகரிடம் கணக்கு எழுதி வேலை கற்றார் என்று சொல்வார்கள். வியாபாரம் எப்படி நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே.

அந்தக் காலத்தில்தான் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. தலைநகர் வந்தால் மக்கள் வருவார்கள். அரண்மனைக்கும் கோயிலுக்கும் பொருள் வேண்டும். மக்களுக்கும் அரிசி, துணி, உப்பு, எண்ணெய் வேண்டும். எனவே கேசவதாஸ் கோட்டைக்குக் கிழக்கே ஒரு கடைத்தெருவை அமைத்தார். அதுவே சாலை.

நாஞ்சில் நாட்டுப் பக்கமிருந்து மாட்டு வண்டிகள் வந்தன. தமிழ் வணிகர்கள் வந்து குடியேறினார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என எல்லோரும் கடை வைத்தார்கள். இன்றும் அங்கே பல கடைகளில் இரண்டு மொழியும் பேசுவார்கள்.

1931இல் தம்பானூரில் ரயில் நிலையம் வந்தது. அது சாலைக்கு அருகில்தான் இருக்கிறது. சரக்கும் கூட்டமும் மேலும் பெருகின.

இந்தத் தெருவின் மனிதர்களைப் பற்றித் தமிழில் கதை எழுதியவர் ஆ. மாதவன். அவர் சாலையிலேயே கடை நடத்தியவர். பகலில் வியாபாரம் செய்தார். கிடைத்த நேரத்தில் எழுதினார். சுமை தூக்குகிறவர்களும் சிறு வியாபாரிகளும் அவருடைய கதைகளில் வருகிறார்கள். 2015இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021இல் அவர் காலமானார்.

ஒரு கடைத்தெருவுக்கு வரலாறு என்றால் கட்டடம் மட்டும் அல்ல. அங்கே உழைத்த மக்களும் வரலாறுதான்.

தெருவுக்கு என்ன நோய்?

வயதானால் மனிதருக்கு நோய் வரும். தெருவுக்கும் வரும். சாலைக்கும் அதைச் சுற்றிய பழைய நகரத்துக்கும் மூன்று நோய்கள் உண்டு.

முதல் நோய், தண்ணீர். கிழக்கே கோட்டையும் தம்பானூரும் தாழ்வான இடங்கள். கோட்டைக்கு அருகில் உள்ள புத்தரிக்கண்டம் மைதானம் முன்பு வயலாக இருந்தது. வயல் மழைநீரைத் தாங்கும். சிமெண்டுத் தரை தாங்காது. நீர் வடியும் ஓடைகளின் மேல் காலப்போக்கில் கட்டடங்கள் எழுந்தன. ஓடைகளில் குப்பை அடைத்தது. ஆகவே ஒரு மணி நேரம் பெருமழை பெய்தால் போதும். தண்ணீர் தெருவுக்கு வந்துவிடும். கடைக்குள் புகுந்து அரிசி மூட்டையை நனைக்கும்.

இரண்டாம் நோய், தீ. கடைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன. சந்துகள் குறுகியவை. மேலே மின்கம்பிகள் பின்னிக் கிடக்கின்றன. துணி, பிளாஸ்டிக், காகிதம் எல்லாம் குவிந்திருக்கும். ஒரு பொறி போதும். 2019 மே மாதம் கிழக்கே கோட்டைக்கு அருகில் பழவங்காடியில் ஒரு குடைக்கடை தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்பு வண்டி நுழைய வழி இல்லை என்றால் தண்ணீர் இருந்தும் என்ன பயன்?

மூன்றாம் நோய், குப்பை. முன்பு நகரத்தின் குப்பை எல்லாம் விளப்பில்சாலை என்ற கிராமத்துக்குப் போனது. அங்கே காற்றும் தண்ணீரும் கெட்டன. கிராம மக்கள் போராடினார்கள். 2011 டிசம்பரில் அந்தக் குப்பை ஆலை மூடப்பட்டது. அந்த மக்களின் போராட்டம் நியாயமானது. ஆனால் நகரத்துக்கு ஒரு கேள்வி பிறந்தது. நம் குப்பையை நாம் என்ன செய்வது? பலர் அதை ஓடையில் போட்டார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு ஓர் உயிர் பலியானது. தம்பானூர் வழியாக ஆமயிழஞ்சான் தோடு ஓடுகிறது. தோடு என்றால் ஓடை. நூறு மீட்டருக்கும் அதிகமான தூரம் அது ரயில் பாதைகளுக்கு அடியில் போகிறது. 2024 ஜூலை 13ஆம் தேதி ஒரு தொழிலாளி அங்கே குப்பை அள்ள இறங்கினார். மழை பெய்தது. தண்ணீர் பெருகி அவரை இழுத்துச் சென்றது. இரண்டு நாள் தேடினார்கள். ஜூலை 15ஆம் தேதி அவருடைய உடல்தான் கிடைத்தது.

நாம் வீசும் ஒரு பிளாஸ்டிக் பை எங்கே போகிறது? அதை யார் கையால் எடுக்கிறார்? இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருந்து தேடிய கதை

நோயைத் தீர்க்க முயற்சிகள் நடக்காமல் இல்லை.

2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற வேலை தொடங்கியது. தம்பானூரிலும் கிழக்கே கோட்டையிலும் தண்ணீர் தேங்காமல் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதிகாரிகள் மறைந்து கிடந்த ஓடைகளைத் தேடினார்கள். ஓடை மேல் கட்டியிருந்த ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். மண்ணையும் குப்பையையும் அள்ளினார்கள். சிறியவர் இடமும் போனது, பெரியவர் இடமும் போனது. ஆனால் ஓடை ஒரு முறை சுத்தம் செய்தால் போதுமா? வீட்டுப் பாத்திரத்தைத் தினமும் தேய்க்கிறோம் அல்லவா? ஓடைக்கும் அப்படித்தான். விட்டுவிட்டால் மறுபடியும் அடைக்கும்.

2017 ஜூனில் திருவனந்தபுரம் ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டத்தில் சேர்ந்தது. இந்தியா முழுவதும் 100 நகரங்களுக்கு வந்த திட்டம் இது. நகரத்தின் நடுப்பகுதியைச் சீர்செய்ய இதில் பணம் வந்தது. சாலையும் கோட்டையும் தம்பானூரும் இதில் அடங்கின. அந்தத் திட்டத்தின் காலம் 2025 மார்ச் மாதத்தோடு முடிந்தது. கேரளச் சுற்றுலாத் துறையும் சாலையைப் பாரம்பரியத் தெருவாக அழகுபடுத்தத் திட்டம் போட்டது. கிழக்கே கோட்டையில் சாலையைக் கடப்போருக்காக 2022இல் ஒரு நடைமேம்பாலம் திறக்கப்பட்டது.

இவை எல்லாம் தேவையான வேலைகள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகத்துக்குப் பவுடர் பூசினால் வயிற்று வலி தீராது. நுழைவாயில் அழகாக இருக்கலாம். சுவரில் வண்ணம் இருக்கலாம். ஓடை அடைத்திருந்தால் மழை வந்ததும் வண்ணம் கரைந்துவிடும். ஆகவே முதலில் ஓடை. பிறகு தீயணைப்பு வண்டிக்கு வழி. பிறகு கழிப்பறை, குடிநீர், விளக்கு. அழகு அதற்குப் பின்னால் வரட்டும்.

பிற இடங்களில் நடந்தவை

கேரளத்தில் கோழிக்கோட்டில் ‘மிட்டாய்த் தெரு’ என்ற பழைய கடைத்தெரு இருக்கிறது. 2007 ஏப்ரலில் அங்கே பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். பிறகு அந்தத் தெருவைப் புதுப்பித்தார்கள். 2017 டிசம்பரில் புதிய தெரு திறக்கப்பட்டது. தரையில் கல் பதித்தார்கள். வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். மக்கள் குழந்தைகளோடு பயமின்றி நடந்தார்கள். ஆனால் வண்டி வராவிட்டால் வியாபாரம் குறையும் என்று சில வணிகர்கள் எதிர்த்தார்கள். ஒரே வேலை ஒருவருக்கு வசதி, மற்றவருக்குக் கவலை. ஆகவே எல்லோரையும் முன்பே கேட்க வேண்டும்.

சென்னையில் நடந்தது வேறு. அங்கே கொத்தவால் சாவடி என்ற பழைய காய்கறிச் சந்தை இருந்தது. மிகவும் நெரிசலான இடம். 1996இல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. லாரிகளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் பழைய இடத்தை நம்பிப் பிழைத்தவர்கள் எல்லோரும் எளிதாகப் புதிய இடத்துக்குப் போக முடியுமா? தூரம் கூடினால் பஸ் செலவு கூடும். பழைய வாடிக்கைக்காரர் கூட வரமாட்டார்.

திருவனந்தபுரத்திலேயே இன்னொரு வழியும் உண்டு. சாலைக்கு அருகில் கரிமடம் என்ற குடியிருப்பு இருக்கிறது. ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமான சிறு வீடுகளில் வாழ்ந்தார்கள். மாநகராட்சி அங்கே மாடி வீடுகள் கட்டத் தொடங்கியது. ‘காஸ்ட்ஃபோர்ட்’ என்ற அமைப்பு அந்த வேலையைச் செய்தது. குறைந்த செலவில் நல்ல வீடு கட்டலாம் என்று காட்டிய லாரி பேக்கரின் வழியில் நடக்கும் அமைப்பு அது. பேக்கர் இங்கிலாந்தில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்தார்.

கரிமடத்து மக்களை ஊருக்கு வெளியே அனுப்பவில்லை. அதே இடத்தில் அவர்களுக்கு வீடு எழுந்தது. வேலை கட்டம் கட்டமாகத்தான் நடந்தது. காத்திருப்பு இருந்தது. ஆனாலும் வேலைக்கு நடந்து போகிற தூரம் கூடவில்லை. வீடு மாறியது. பிழைப்பு மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது கீரைக்காரம்மாவின் கேள்விக்கு வருவோம். “நான் எங்கே உட்காருவேன்?”

தெருவோர வியாபாரிகளுக்காக 2014இல் ஒரு சட்டம் வந்தது. அது இந்தியா முழுவதற்கும் உள்ள சட்டம். அதில் உள்ள முக்கியமான செய்திகள் இவை:

1. மாநகராட்சி தெருவோர வியாபாரிகள் எல்லோரையும் கணக்கெடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது எடுக்க வேண்டும்.

2. கணக்கில் வந்தவருக்கு விற்பனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது.

3. நகர விற்பனைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பது பேராவது தெருவோர வியாபாரிகளே. அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு.

4. சான்றிதழ் உள்ளவரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றால் 30 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

5. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் கொடுக்க வேண்டும். உரிய கட்டணம் கட்டிக் கேட்டால், கீரை, பழம் போன்ற அழுகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றப் பொருளை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும்.

6. 50 ஆண்டுக்கு மேல் தெருவோர வியாபாரம் நடக்கும் சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும். அங்கே உள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது.

உரிமை இருந்தால் கடமையும் உண்டு. ஓடைப் பலகையின் மேல் கடை போட்டால் யாரும் அதைத் திறந்து சுத்தம் செய்ய முடியாது. ஆம்புலன்சு வரும் வழியை அடைத்தால் ஓர் உயிர் போகலாம். குப்பையைத் தெருவில் விடக் கூடாது. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பெரிய கடைக்காரர் நடைபாதையில் பொருளை அடுக்குவதும் தவறுதான். விதி எல்லோருக்கும் ஒன்றே.

இன்னொரு சட்டமும் நமக்கு உதவும். அது 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டம். அரசுத் திட்டத்தில் என்ன வேலை, எவ்வளவு பணம், எப்போது முடியும் என்று கேட்கலாம். மத்திய அரசு வைத்த கட்டணம் 10 ரூபாய். கேரளத்திலும் அவ்வளவுதான். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கேரளத்தில் மனுவை மலையாளத்தில் எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். அதை எழுதிக்கொள்ள அதிகாரி உதவ வேண்டும்.

கீரைக்காரம்மா செய்தது

அன்று கீரைக்காரம்மா வீட்டுக்குப் போய் அழுதுகொண்டு உட்காரவில்லை. பேரனின் பழைய நோட்டில் ஒரு தாள் கிழித்தார். அண்ணாச்சி மறுபடியும் மெல்ல வாசித்தார். அவர் தமிழில் எழுதிக்கொண்டார். அலுவலகத்தின் பெயர். தேதி. வேலையின் பெயர். கூட்டம் நடக்கும் நாள்.

“கூட்டமா? கூட்டம் வேற இருக்கா அண்ணாச்சி?”

“கடைசி வரியில இருக்கு அக்கா. வியாபாரிகள் கருத்துச் சொல்லலாம்னு போட்டிருக்கு.”

பூ விற்கும் பெண்ணிடம் சொன்னார். எலுமிச்சம்பழம் விற்கும் பெரியவரிடம் சொன்னார். அந்த நாளில் ஒன்பது பேர் சேர்ந்து போனார்கள். அண்ணாச்சி மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்தார். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பேர் கைநாட்டு வைத்தார்கள்.

மனுவில் நான்கு கேள்விகள் இருந்தன. எங்களைக் கணக்கெடுத்தீர்களா? வேலை நடக்கும் மாதங்களில் எங்கே உட்காருவோம்? வேலை முடிந்ததும் அதே இடம் கிடைக்குமா? பெண்களுக்குக் கழிப்பறை வருமா?

அதிகாரி எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொல்லவில்லை. “எழுதி அனுப்புகிறோம்” என்றார். கீரைக்காரம்மா எழுந்து நின்றார்.

“மனு வாங்கியதுக்கு ரசீது தாங்க சார்.”

ரசீது கிடைத்தது. அதில் எண்ணும் தேதியும் இருந்தன. அவர் அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் மடித்துப் பையில் வைத்தார்.

மறுநாள் காலை அவர் இன்னொரு வேலையும் செய்தார். தன் கூடை ஓடைப் பலகையின் மேல் இருப்பதைப் பார்த்தார். அதை இரண்டடி தள்ளி வைத்தார். கேட்பவர் முதலில் தன் பங்கைச் செய்ய வேண்டும் அல்லவா?

பழைய தெரு புதிதாக வேண்டும். ஓடை ஓட வேண்டும். தீ வந்தால் வண்டி நுழைய வேண்டும். யாரும் சாக்கடையில் இறங்கிச் சாகக் கூடாது. அதோடு அந்தத் தெருவை வளர்த்தவர்களும் அங்கே இருக்க வேண்டும். ஆள் இல்லாத கடைத்தெரு வெறும் கட்டடம்தான்.

நினைவில் கொள்வோம்

அறிவிப்பைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். தெரியாத மொழியானால் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும். தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். தனியாகப் போகாமல் கூடிப் போக வேண்டும். மனுவுக்கு ரசீது வாங்க வேண்டும்.

சொற்பொருள்

திவான் – அரசரின் தலைமை அமைச்சர்
ஆக்கிரமிப்பு – பொது இடத்தைத் தனக்கு எடுத்துக்கொள்வது
பாரம்பரியம் – முன்னோர் வழியாக வந்தது
பறிமுதல் – அதிகாரத்தால் பொருளை எடுத்துச் செல்வது
ரசீது – பெற்றுக்கொண்டதற்கு எழுதித் தரும் சீட்டு

கலந்து பேசுவோம்

1. சாலைக் கடைத்தெருவை அமைத்தவர் யார்?
2. தெருவுக்கு வந்த மூன்று நோய்கள் எவை? உங்கள் ஊர்ச் சந்தையில் அவற்றில் எது இருக்கிறது?
3. உங்கள் ஊரில் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்தார்களா? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
4. உங்கள் தெருவைப் புதுப்பித்தால் முதல் வேலை எதுவாக இருக்க வேண்டும்? ஐந்து வரி எழுதுங்கள்.